மீதி இல்லை

மாமியின் வீட்டுப் பெட்டகத்தில் எங்கள் காணி உறுதிகள் ஒரு சிவப்புத் துணியில் முடிந்திருக்கின்றன. அந்தக் கட்டுக்குள் ஒரு பழைய வாக்கிய பஞ்சாங்கமும் இருக்கிறது. துன்முகி வருஷத்தது, அதாவது 1956. அதன் பின்னட்டையின் உட்புறத்தில் அப்பப்பா பென்சிலால் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதி வைத்திருக்கிறார்:

5057
210389
1237
576
மீதி இல்லை. வெள்ளி.

அப்பப்பா தென்னிலங்கையில் ஒரு சுருட்டுக் கடையில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். ஆகவே அந்த எண்களைப் பற்றி எங்கள் குடும்பத்தில் எவருக்கும் ஐயம் இருந்ததில்லை. 5057 உறுதி இலக்கம். 2,103 ரூபாய் 89 சதம் ஈட்டுக் கடன். 12 ரூபாய் 37 சதம் வட்டி. 5 ரூபாய் 76 சதம் நொத்தாரிசுக்கு. ஒரு வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் கட்டி முடித்தாயிற்று, மீதி இல்லை. மாமி இதை எனக்குச் சொன்னபோது நான் எட்டாம் வகுப்பு. பெரியப்பா மட்டும் கடைசி வரைக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. ஈட்டுக் காசைத் தன் கையால் கட்டியதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பேச்சில் அண்ணனும் தங்கையும் பல வருஷம் முகம் பார்க்காமல் இருந்தார்கள். பஞ்சாங்கம் துணிக்குள் போனது அப்படித்தான். அது சாட்சி.

மின்வெட்டும் எரிபொருள் வரிசையுமாகக் கிடந்த 2022 சித்திரையில், வருஷப் பிறப்புக்கு முதல் நாள் மாமி வீட்டுக்குப் போயிருந்தேன். யாழ்ப்பாணத்தில் வருஷம் இரண்டு முறை பிறக்கும். பழைய கணக்கில் நிற்கும் வாக்கிய பஞ்சாங்கத்துக்கு ஒரு நேரம், இன்றைய வானியல் அளவுகளை எடுத்துக்கொள்ளும் திருக்கணித பஞ்சாங்கத்துக்கு இன்னொரு நேரம். இப்போதெல்லாம் இரண்டுக்கும் இடையில் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். மாமி கொக்குவில் இரகுநாதையர் வாக்கிய பஞ்சாங்கத்தை விட்டு அசையாதவர். அவருடைய மருமகள் பிறந்த வீடோ திருக்கணிதம். வருஷப் பிறப்புக்குத் தலையில் வைக்கும் மூலிகை மருத்துநீரை எந்த நேரத்துக்கு வைப்பது என்று குசினிக்குள் மெல்லிய குரலில் ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. அதில் தலை கொடுக்க விரும்பாமல் பெட்டகத்தைத் திறந்து பழைய பஞ்சாங்கத்தை எடுத்துப் புரட்டினேன். பொழுதுபோகாமல் 210389ஐ 576ஆல் வகுத்துப் பார்த்தேன்.

365.25868 வந்தது.

முப்பது வருஷமாக டியூட்டரியில் கணிதம் படிப்பிக்கிறவனுக்கு 365ஐக் கண்டால் அடையாளம் தெரியாமல் போகுமா? அது காசு அல்ல. அது ஓர் ஆண்டு.

இந்தக் கணக்கின் தாய் எண் மிகப் பெரியது: 1,577,917,500. எழுத்தில் நூற்றைம்பத்தேழு கோடியே எழுபத்தொன்பது இலட்சத்துப் பதினேழாயிரத்து ஐந்நூறு. ஒரு மகாயுகத்தில், அதாவது 4,320,000 ஆண்டுகளில், எத்தனை நாள் என்பதற்கு ஆரியபட்டர் தந்த கணக்கு அது. கலி பிறந்து 3600 ஆண்டு கழிந்தபோது தனக்கு வயது இருபத்துமூன்று என்று ஆரியபடீயத்தில் அவரே சொல்கிறார். அது கி.பி. 499. இந்த நாட்கணக்கை அவர் நேரடியாகவும் சொல்லவில்லை. பூமி தன்னைத்தானே 1,582,237,500 தடவை சுற்றுகிறது என்றார். சூரியனின் 4,320,000 சுற்றை அதிலிருந்து கழித்தால் நாட்கள் கிடைக்கும். பூமி சுழல்கிறது என்று சொன்னதற்காகப் பின்னால் வந்தவர்கள் அவரிடம் நிறையப் பிணங்கினார்கள். எண்ணை மட்டும் பிணங்காமல் எடுத்துக்கொண்டார்கள்.

நூற்றைம்பது கோடியை வைத்துக்கொண்டு நாளாந்தக் கணக்கு எவராலும் பார்க்க முடியாது. ஆனால் 1,577,917,500க்கும் 4,320,000க்கும் பொதுக் காரணிகளுட் பெரியது 7500. இரண்டையும் அதனால் வகுத்தால் 210,389 நாளும் 576 ஆண்டும் மிஞ்சும். மகாயுகம் முழுவதும் இந்தச் சின்னச் சோடிக்குள் அடங்கிவிடுகிறது. (பெரிய எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களும் 7500தான். இதற்குள் இரகசியம் எதுவும் இல்லை. 210389ஐ நான்கால் வகுத்தால் மீதி ஒன்று. அப்படிப்பட்ட எந்த எண்ணை 7500ஆல் பெருக்கினாலும் 7500 என்றுதான் முடியும்.)

576 இருக்கிறதே, அதன் அருமையைச் சொல்லித் தீராது. 24ஐ 24ஆல் பெருக்கினால் 576. ஆகவே 576ஆல் வகுத்து வரும் மீதியை 24ஆல் வகுத்தால் மணித்தியாலம் கையில். மீதி 1 என்றால் இரண்டரை நிமிடம். நாழிகைக் கணக்குப் பார்ப்பவருக்கு இன்னும் இலேசு. ஒரு நாள் அறுபது நாழிகை, ஒரு நாழிகை அறுபது விநாழிகை, ஒரு விநாழிகை அறுபது தற்பரை. 60ஐ மூன்று தடவை பெருக்கினால் 216,000, அதை 576 மீதியின்றி வகுக்கும். அதனால், இதே எண்ணில் நிற்கும் வாக்கிய பஞ்சாங்கத்தின் ஆண்டு நீளம் 365 நாள் 15 நாழிகை 31 விநாழிகை 15 தற்பரை, அவ்வளவுதான். அதற்குப் பின்னால் வால் இல்லை. எங்கள் தசமத்தில் எழுதிப் பாருங்கள், 365.2586805555 என்று ஐந்து ஐந்தாக ஓடிக்கொண்டே இருக்கும். பத்துக்கு மூன்று காரணி அல்ல, அறுபதுக்குக் காரணி. முழு விஷயமும் அதுதான்.

எண்ணைக் கொஞ்சம் அசைத்தால் என்ன ஆகும் என்பதற்குச் இன்னொரு பழைய வானியல் நூலான சூரிய சித்தாந்தமே சாட்சி. அதில் மகாயுகத்துக்கு 1,577,917,828 நாள். ஆரியபட்டரை விட வெறும் 328 நாள் கூட, அதுவும் நாற்பத்துமூன்று இலட்சம் ஆண்டில். ஆண்டின் நீளத்தில் ஏழு விநாடி கூட மாறாது. ஆனால் அந்த எண்ணுக்கும் 4,320,000க்கும் பொதுக் காரணிகளுட் பெரியது நான்கு மட்டுமே. சுருக்கினால் 1,080,000 ஆண்டுக்கு 394,479,457 நாள். இதை ஒரு பென்சிலோடு பஞ்சாங்க அட்டையில் போட்டுப் பார்க்க எந்தக் கணக்கப்பிள்ளையாலும் ஆகாது. ஆரியபட்டர் வானத்தை எவ்வளவு பார்த்தாரோ அவ்வளவு, கணக்குப் போடப் போகிறவனின் விரலையும் பார்த்திருக்கிறார் என்பது என் எண்ணம். எண்ணை வசதிக்காக வளைத்தார் என்று சிலர் இதைக் குறையாகச் சொல்வார்கள். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை.

வளைத்ததால் பிழையும் பெரிதாகிவிடவில்லை. அவருடைய சந்திர மாதம் 29.530582 நாள். இன்றைய அளவுக்கும் அதற்கும் ஒரு விநாடி கூட வித்தியாசம் இல்லை. ஆண்டுதான் சற்று நீண்டுவிட்டது. விண்மீன்களை வைத்து அளந்தால் ஆண்டுக்கு 365 நாள் 6 மணி 9 நிமிடம் 10 விநாடி. வாக்கியத்தில் 6 மணி 12 நிமிடம் 30 விநாடி. வருஷத்துக்கு மூன்று நிமிடம் இருபது விநாடி கூட. இப்படியே சேர்ந்தால் ஏறக்குறைய 432 ஆண்டில் ஒரு நாள். கலியுகத்துக்கு 432,000 ஆண்டு என்பதையும் இதையும் முடிச்சுப் போட்டு யாராவது காணொளி வெளியிடுவதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: தற்செயல்.

கிரகணத்தில்தான் இந்தச் சின்னப் பிழைகள் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரியில் அமெரிக்க மிஷன் பாதிரியார் டானியல் பூர் வானியல் படிப்பித்த நாட்களில், 1829இல் ஒரு சந்திர கிரகணத்தை வைத்து அவருக்கும் பஞ்சாங்கம் கணித்த விசுவநாத சாஸ்திரியாருக்கும் போட்டி. அன்று பாதிரியாரின் கணக்கே சரியாக வந்தது. யாழ்ப்பாணத்தில் வாக்கியம், திருக்கணிதம் என்ற பேச்சு வரும்போதெல்லாம் இந்தக் கதையை யாராவது எடுப்பார்கள். எடுப்பவர் எந்தக் கட்சி என்பதைச் சொல்லும் விதத்திலேயே கண்டுபிடித்துவிடலாம்.

அட்டையில் இருந்த 1237 எனக்கு உடனே பிடிபடவில்லை. வீட்டுக்கு வந்து தேடிய பிறகே விளங்கியது. கடந்துபோன கலி ஆண்டுகளை 210389ஆல் பெருக்கி 576ஆல் வகுத்தால், சராசரிச் சூரியன், அதாவது எப்போதும் ஒரே வேகத்தில் போவதாக வைத்துக்கொண்ட சூரியன், மேட ராசிக்கு வரும் நேரம் கிடைக்கும். உண்மைச் சூரியன் அதற்கு இரண்டு நாளுக்குச் சற்றுக் கூட முன்னதாகவே வந்துவிடும்; அதுதான் வருஷப் பிறப்பு. 2 நாள் 8 நாழிகை 51 விநாழிகை 15 தற்பரை. 576இல் ஒரு பங்காக எண்ணினால் அது 1237 பங்கு. ஆகவே பெருக்கு, 1237ஐக் கழி, 576ஆல் வகு. ஈவு, கலி தொடங்கிய வெள்ளிக்கிழமையிலிருந்து எண்ணிய நாள். மீதி, சூரியோதயத்துக்குப் பின் கழிந்த நேரம்.

2022க்குப் போட்டுப் பார்த்தேன். கலி 5123. பெருக்கினால் 1,077,822,847. கழித்தால் 1,077,821,610. வகுத்தால் ஈவு 1,871,218, மீதி 42. ஈவை ஏழால் வகுத்தால் மீதி ஆறு. வெள்ளியிலிருந்து ஆறு நாள் தள்ளினால் வியாழன். ஏப்ரல் 14 வியாழக்கிழமைதான். மீதி 42ஐ 24ஆல் வகுத்தால் ஒன்றே முக்கால் மணித்தியாலம். காலை ஆறு மணியோடு கூட்டினால் ஏழே முக்கால். மாமியின் பஞ்சாங்கம் சொன்ன நேரத்துக்கும் இதற்கும் ஐந்து நிமிடந்தான் வித்தியாசம். சூரியன் சரியாக ஆறு மணிக்கு உதிக்கும் என்று எடுத்துக்கொண்டது என் சோம்பல். வேப்பமரத்தடியில் கதிரையைப் போட்டுக்கொண்டு, கொப்பியின் நடுப்பக்கத்தில் இதைப் போட்டு முடித்தபோது எனக்குக் கை நடுங்கியது. வருஷா வருஷம் மருத்துநீர் வைத்துக்கொண்ட தலை, அந்த நேரம் எங்கிருந்து வருகிறது என்று ஒரு நாளாவது கேட்டதில்லை.

அடுத்த கிழமை உயர்தர வகுப்பில் 210389ஐக் கரும்பலகையில் எழுதினேன். இது முதன்மை எண்ணா? கல்குலேட்டரை மேசையில் கவிழ்த்து வைக்கச் சொன்னேன். இதன் வர்க்கமூலம் 458க்குச் சற்று மேல். அதற்குள் 88 முதன்மை எண்கள். வகுப்பில் அன்று இருபத்திரண்டு பேர். ஆளுக்கு நான்கு. முதல் ஆளுக்கு 2, அடுத்தவருக்கு 3 என்று வரிசையாகக் கொடுத்தேன். 2, 3, 5 கிடைத்தவர்கள் உடனே தலையை ஆட்டிவிட்டுச் சிரித்தார்கள். பிறகு நீளவகுத்தலின் சத்தம் மட்டும்: பென்சில், அழிரப்பர், யாரோ வாய்க்குள் ஏழாம் வாய்ப்பாடு. 59 கிடைத்தவன் மீதி 54 என்றான். அடுத்த வாங்கில் ஒரு பிள்ளை தான் போட்டதை அழித்துவிட்டு மறுபடி போட்டாள். பிறகும் ஒரு தடவை போட்டாள்.

“சேர், எனக்கு மீதி வரவில்லை.”

அவளுடைய எண் 61. ஈவு 3449.

“அப்படியென்றால் 3449 முதன்மை எண்ணா?” என்று கேட்டேன். எல்லோரும் பென்சிலை எடுத்தார்கள். பின்வரிசைப் பையன் ஒருவன் மட்டும் எடுக்கவில்லை. “தேவையில்லை சேர். 59 வரைக்கும் எதுவும் 210389ஐ வகுக்கவில்லை. அதை வகுக்காதது 3449ஐ எப்படி வகுக்கும்? 3449இன் வர்க்கமூலம் 59ஐ விடக் குறைவு. ஆகவே அது முதன்மை எண்தான்.” இருபத்திரண்டு பேர் போட்ட பிழைத்த வகுத்தல்கள் எல்லாம் அந்த ஒரு வசனத்தில் பிரயோசனப்பட்டுவிட்டன. அன்று நான் படிப்பித்ததாகச் சொல்ல எதுவும் இல்லை.

ஆக, பெரிய எண்ணின் உடைவு இது: இரண்டு தரம் 2, ஒரு 3, நான்கு 5, ஒரு 61, ஒரு 3449. காரணிகள் மொத்தம் 120. இதில் 2, 3, 5 எல்லாம் மனிதர் வைத்தவை. யுகத்தின் நீளமும் அதே மூன்றால் ஆனதுதான். 61உம் 3449உம் அப்படி அல்ல. யாரும் விரும்பி எடுக்காத அந்த இரண்டும், சூரியன் தன் போக்கை விட்டுக்கொடுக்காத இடம். (அறுபது வருஷச் சக்கரம் முடிந்து அடுத்தது அறுபத்தொன்று என்று ஒரு பிள்ளை சொன்னாள். அழகான நினைப்பு. கணக்கில் அதற்கு இடமில்லை.)

இந்த உடைவுதான் அப்பப்பாவின் கடைசி வரியையும் எனக்குத் திறந்துவிட்டது.

576இன் காரணிகள் 2உம் 3உம் மட்டுமே. 210389இல் அவை இல்லை. ஆகவே ஆண்டுக்கு ஆண்டு மீதி 149 கூடிக்கொண்டே போய், 576 ஆண்டுக்குள் எல்லா மீதியையும் ஒவ்வொரு தடவை தொட்டுவிட்டுத்தான் பழைய இடத்துக்குத் திரும்பும். வாக்கியக் கணக்கில் வருஷம் பிறக்க ஒரு நாளில் 576 கணங்களே உண்டு, இரண்டரை நிமிடத்துக்கு ஒன்று. அவற்றுள் ஒன்றுதான் மீதி இல்லாத கணம்: சூரியன் கீழ்வானில் எழும் அதே நேரத்தில் மேடத்திலும் புகுவது. அது எந்த ஆண்டு என்று கண்டுபிடிக்க ஆரியபட்டரே வழி சொல்லியிருக்கிறார். குட்டகம் என்று பெயர். எண்களைத் திரும்பத் திரும்ப ஒன்றால் ஒன்று வகுத்து இடித்துப் பொடியாக்குவது. இடித்தேன். கலி 449 வந்தது. அதோடு 576ஐக் கூட்டிக்கொண்டே வந்தால் 1025, 1601 என்று போய், எட்டாவது தடவை 5057.

கலி ஆண்டிலிருந்து 3101ஐக் கழித்தால் ஆங்கில ஆண்டு. 5057இலிருந்து கழித்தால் 1956.

5057ஐ 210389ஆல் பெருக்கி 1237ஐக் கழித்தால் 1,063,935,936. அதை 576 சரியாக 1,847,111 தடவை வகுக்கிறது. மீதி இல்லை. அந்த 1,847,111ஐ ஏழால் வகுத்தாலும் மீதி இல்லை. ஆகவே வெள்ளிக்கிழமை, கலி பிறந்த அதே கிழமை. 1956 ஏப்ரல் 13. 210389இல் ஏழும் காரணியாக இல்லாததால், கிழமையும் கணமும் சேர்ந்து இப்படி விழுவது 4032 ஆண்டுக்கு ஒரு தடவைதான். இதற்கு முன் கலி 1025இல், அதாவது கி.மு. 2077இல். இனி கி.பி. 5988இல்.

சுருட்டுக் கடைக் கணக்கப்பிள்ளை ஒருவர், புதுப் பஞ்சாங்கத்தை வாங்கிய கையோடு வருஷப் பிறப்பு நேரத்தைச் சரிபார்த்திருக்கிறார். கடைக் கணக்குப் பார்த்த கை, சும்மா இருக்காது. மீதியே வராததைக் கண்டு, கிழமையையும் போட்டுப் பார்த்து, ஒரு சொல் எழுதியிருக்கிறார். நாலாயிரம் ஆண்டுக் கணக்கு அவருக்குத் தெரிந்திருந்ததா என்பதற்கு அட்டையில் தடயம் இல்லை. அந்த ஆண்டு நடுவில் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. மீதியில்லாமல் பிறந்த வருஷத்தின் பலன் அதுதான் என்று ஒரு சோதிட நண்பர் என்னிடம் சொன்னார். 149ஐ 576ஆல் வகுத்து அரசியல் பார்க்கலாம் என்றால் நான் டியூட்டரியை எப்போதோ மூடியிருப்பேன்.

ஆடி மாதம், பெட்ரோல் கிடைக்காததால் சைக்கிளில் மாமி வீட்டுக்குப் போனேன். கொப்பியை விரித்து வைத்து ஒவ்வொரு எண்ணாகச் சொன்னேன். 5057 உறுதி இலக்கம் அல்ல மாமி, கலி ஆண்டு. இது காசு அல்ல, நாள். இது வட்டி அல்ல. நொத்தாரிசுக்கு ஒரு சதமும் போகவில்லை. மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொப்பியை நெடுநேரம் பார்த்தார். தேத்தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது.

“அப்போது ஈட்டுக் காசை யார் கட்டியது?”

“இதில் அது இல்லை மாமி.”

“ஐயா கட்டினதாக இதில் இல்லையா?”

“இல்லை.”

மாமி கண்ணாடியைக் கழற்றினார். பெரியப்பா இறந்து பதினொரு வருஷம். பஞ்சாங்கத்தை என் கையிலிருந்து வாங்கி, அட்டையைத் துடைத்து, உறுதிகளுக்கு நடுவில் வைத்துச் சிவப்புத் துணியை மறுபடியும் இறுக்கி முடிந்தார். பெட்டகத்தைப் பூட்டிவிட்டுத் திறப்பை இடுப்பில் செருகியபடி, “இதைப் பெரியம்மாவுக்குச் சொல்லிவிடாதே தம்பி” என்றார்.